விண்டோஸ் 11: 4 ஜிபி ரேமில் ஓடுமா, ஓடாதா?

மண்டபம் ஜெராக்ஸ்:
ராமநாதபுரத்தில் கம்ப்யூட்டர் விற்கிற ஒருவர் நேற்று வாட்ஸாப்பில் எல்லாருக்கும் ஒரு செய்தி தட்டிவிட்டிருக்கிறார். "விண்டோஸ் 10-க்கு ஆயுசு முடிந்துவிட்டது. விண்டோஸ் 11 போட்டுக்கொள்ளுங்கள். 4 ஜிபி ரேமே போதும், சும்மா பறக்கும்." படித்ததும் எரிச்சல் வந்துவிட்டது. என் கடையில் மூன்று டெஸ்க்டாப். மூன்றும் 2014-ல் வாங்கிய நான்காம் தலைமுறை ஐ3, 4 ஜிபி ரேம், பழைய ஹார்ட் டிஸ்க். விண்டோஸ் 10-ஐயே காலையில் ஆன் செய்துவிட்டு எதிரே போய் டீ குடித்துவிட்டு வந்தால்தான் திரை தெளிகிறது. இதில் பறக்குமாம். மாற்றினால் என்னதான் எதிர்பார்க்கலாம்? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

பாம்பன் கிழக்கு:
4 ஜிபியில் ஓடும். இதில் விவாதிக்க என்ன இருக்கிறது? குறைந்தபட்சத் தேவை 4 ஜிபி ரேம், 64 ஜிபி இடம் என்று மைக்ரோசாஃப்ட் கம்பெனியே எழுதிவைத்திருக்கிறது. அந்த ஆள் சொன்னதில் ஒரு தப்பும் இல்லை. நான் விண்டோஸ் 95-ஐ 13 ஃபிளாப்பி மாற்றி மாற்றிப் போட்டு ஏற்றியவன். எனக்குத் தெரியாததா?

தங்கச்சிமடம் மெக்கானிக்:
கம்பெனி எழுதியதை முழுசாகப் படிக்க வேண்டும் அண்ணே. அதே பக்கத்தில் சாவிகளைப் பத்திரமாக வைக்கிற டிபிஎம் 2.0 என்கிற பாதுகாப்பு வசதி வேண்டும், ஆன் செய்யும்போதே ஓஎஸ் நம்பத்தக்கதா என்று பார்க்கிற செக்யூர் பூட் வேண்டும் என்றும் இருக்கிறது. பட்டியலில் உள்ள இன்டெல் சிப்புகள், சில விதிவிலக்குகள் தவிர, எட்டாம் தலைமுறையிலிருந்துதான் தொடங்குகின்றன, அது வந்ததே 2017-ல். ஜெராக்ஸ்காரர் மெஷினை வாசலிலேயே நிறுத்திவிடும். 4 ஜிபிக்கு அப்புறம் வருவோம்.

பாம்பன் கிழக்கு:
தம்பி, நான் டிபிஎம் பற்றி வாயே திறக்கவில்லை. பேச்சு 4 ஜிபி பற்றி. 4 ஜிபியில் ஓடும். டிபிஎம்தான் தடை என்றால் விண்டோஸைப் பென்டிரைவில் ஏற்றும்போதே ரூஃபஸ் என்கிற மென்பொருளில் ஒரு டிக் போட்டால் கேட்காமல் உள்ளே விட்டுவிடும். அதுகூடத் தெரியாமல் கடை வைத்திருக்கிறீர்கள்.

தங்கச்சிமடம் மெக்கானிக்:
தெரியும். அப்படிப் போட்டால் அப்டேட் வரும் என்று உத்தரவாதம் இல்லை என்பதும் தெரியும். 24எச்2 என்கிற 2024-ன் பெரிய அப்டேட் வந்தபோது என்ன ஆனது? பாப்கவுன்ட் என்கிற கட்டளை இல்லாத பழைய சிப்பில் அது பூட்டே ஆகாது. கோர் 2 டுவோ வைத்திருந்தவர்கள் எந்த டிக் போட்டாலும் வேலைக்கு ஆகவில்லை. ஐ3-க்கு அந்தப் பிரச்சினை இல்லை என்பது ஒன்றுதான் ஆறுதல்.

கீழக்கரை காக்கா:
எதற்கு இந்தப் பாடு? விண்டோஸுக்குப் பதிலாக லினக்ஸ் மின்ட் என்கிற ஓஎஸ், அதிலும் எக்ஸ்எஃப்சிஇ என்கிற இலகுவான பதிப்பைப் போடுங்கள். 2 ஜிபி இருந்தாலே ஏறும், 4 இருந்தால் தாராளம். இப்போதைய 22 வரிசைக்கு 2029 வரை அப்டேட் உண்டு. காசும் இல்லை, சாவியும் இல்லை. தம்பி பாம்பன், நீங்களும் ஒருமுறை போட்டுப் பாருங்கள்.

பாம்பன் கிழக்கு:
யாருக்கு யார் தம்பி? எனக்கு வயது 52.

கீழக்கரை காக்கா:
எனக்கு 58. தம்பிதான்.

மண்டபம் ஜெராக்ஸ்:
காக்கா, லினக்ஸ் நல்லதுதான், இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் என் கடையில் இருக்கிற விரல்ரேகைக் கருவிக்கு விண்டோஸ் டிரைவர் மட்டும்தான் கொடுத்தார்கள். ஆதாருக்கு வருகிற பாட்டியிடம் போய் மின்ட் பற்றி என்ன சொல்வது?

தொண்டி டீச்சர்:
நான் ஒன்று கேட்கட்டுமா? "ஓடும்" என்றால் என்ன என்று இரண்டு பேரும் முதலில் ஒரு வரியில் எழுதுங்கள். டெஸ்க்டாப் வந்து நின்றால் ஓடுகிறதா, அல்லது நாலு டேப் திறந்து ஒரு சான்றிதழை பிரின்ட் எடுத்தால்தான் ஓடுகிறதா?

பாம்பன் கிழக்கு:
டீச்சர், ஓடும் என்றால் ஓடும். பள்ளிக்கூடத்து வேலையை இங்கே காட்டாதீர்கள். 4 ஜிபியில் ஓடும்.

தங்கச்சிமடம் மெக்கானிக்:
ஓடாது. போன வாரம்தான் பார்த்தேன். எட்டாம் தலைமுறை மெஷின், கம்பெனி கேட்கிற எல்லாம் உண்டு, ரேம் மட்டும் 4 ஜிபி, வேகமான எஸ்எஸ்டி டிஸ்க் இல்லை. அதிலே கொஞ்சத்தைக் கிராஃபிக்ஸ் எடுத்துக்கொள்ளும். எதையும் திறக்காமல் டாஸ்க் மேனேஜரை மட்டும் திறந்து பார்த்தேன், முக்கால்வாசி ரேம் அதற்குள்ளேயே தீர்ந்துபோயிருந்தது. பிரவுசரைத் தொட்டதும் டிஸ்க் 100 சதவீதத்தில் போய் நின்றது. அப்புறம் மவுஸை நகர்த்தினால் அம்புக்குறி ஒரு நிமிடம் யோசித்துவிட்டுத்தான் கிளம்புகிறது. கரையில் கட்டிக் கிடக்கிற ஓட்டை வத்தைப் படகும் மிதக்கத்தான் செய்கிறது. அதில் ஏறிக் குருசடைத் தீவுக்குப் போவீர்களா?

பாம்பன் கிழக்கு:
வத்தையைப் பற்றி எனக்கே பாடமா? எங்கள் வீட்டில் மூன்று தலைமுறை கடல். மிதக்கிறதா என்று கேட்டால் மிதக்கிறது என்றுதான் சொல்ல வேண்டும். போகிற தைரியம் போகிறவனுக்கு இருக்க வேண்டும். இந்தத் தங்கச்சிமடத்து ஆட்களே இப்படித்தான், இன்ஜின் ஸ்டார்ட் ஆகவில்லை என்றால் கடலைக் குறை சொல்வார்கள்.

தங்கச்சிமடம் மெக்கானிக்:
ஊரை இழுக்காதீர்கள். இழுத்தால் நானும் இழுப்பேன்.

பரமக்குடி டிடிபி:
நடுவில் வந்ததற்கு மன்னிக்கவும். எனக்கு ரேம் பிரச்சினை இல்லை, 8 இருக்கிறது. டாஸ்க்பாரை இடது பக்கம் நிறுத்தி வைத்துப் பழகிய கை இது. பத்திரிகை வடிவமைக்கும்போது மேலும் கீழும் இடம் மிச்சமாகும். விண்டோஸ் 11 வந்தபோது அந்த வசதியையே எடுத்துவிட்டார்கள். ஸ்டார்ட் பொத்தானை மட்டும் நடுவிலிருந்து இடது ஓரத்துக்குத் தள்ளலாமாம். அப்புறம் என் பழைய கல்யாணப் பத்திரிகைகள் எல்லாம் பழைய பேஜ்மேக்கர் மென்பொருளில், பாமினி எழுத்துருவில் கிடக்கின்றன. அவை திறக்குமா?

பாம்பன் கிழக்கு:
யூனிகோடுக்கு மாறுங்கள். தமிழ் 99 விசைப்பலகை விண்டோஸிலேயே இருக்கிறது. 1999-ல் அரசு ஏற்றுக்கொண்ட விசை அமைப்பு அது, இன்னும் பாமினியைக் கட்டிக்கொண்டு அழுதால் யார் என்ன செய்வது? மற்றபடி கடலே இல்லாத ஊர்க்காரருக்கு இந்தக் கவலை தெரியாது. எங்களுக்கு உப்புக்காற்றில் மதர்போர்டே பச்சை பூத்துவிடுகிறது.

பரமக்குடி டிடிபி:
கடல் இல்லாவிட்டால் கம்ப்யூட்டர் தெரியாதா? பத்திரிகை அடிக்க மட்டும் உங்கள் ஊர்க்காரர்கள் பஸ் ஏறி எங்களிடம்தானே வருகிறார்கள்.

கீழக்கரை காக்கா:
உப்புக்காற்று என்றதும் நினைவு வந்தது. மெஷின் பீப் பீப் என்று கத்தினால் உடனே புது ரேம் வாங்க ஓடாதீர்கள். ரேமைக் கழற்றி, தங்க நிறப் பற்களைப் பிள்ளைகளின் அழிரப்பரால் தேய்த்து, தூசியைத் துணியால் தட்டிவிட்டு மாட்டுங்கள். எங்கள் தெருவில் பாதி மெஷின் அதிலேயே உயிர் பெற்றுவிடும்.

தங்கச்சிமடம் மெக்கானிக்:
டிடிபி அண்ணே கேட்டதற்குப் பக்கத்துக் கதை ஒன்று. மண்டபத்தில் ஒரு கருவாட்டு மண்டி. கணக்கு முழுக்க பாக்ஸ்ப்ரோவில், டாஸ் காலத்துப் புரோகிராம். கறுப்புத் திரையில் நெத்திலி எத்தனை சிப்பம், வாளை எத்தனை சிப்பம் என்று தட்டினால் டாட் மேட்ரிக்ஸ் பிரின்டர் கிரீச்சென்று பில் அடிக்கும். 32 பிட் விண்டோஸ் 10 வரை அதை ஓட்டிவிட்டோம். விண்டோஸ் 11-ல் 32 பிட் பதிப்பே கிடையாது, 64 பிட் விண்டோஸில் அந்த டாஸ் சமாச்சாரம் நேரடியாக ஓடாது. டாஸைப் போலவே நடிக்கிற டாஸ்பாக்ஸ் மென்பொருளைப் போட்டுக் கறுப்புத் திரையை வரவழைத்துவிட்டேன், பிரின்டரைப் பேசவைக்க இரண்டு நாள் ஆனது. மாற்றுவதற்கு முன் பழைய புரோகிராம் எதுவெல்லாம் வேண்டும் என்று எழுதி வைத்துக்கொள்ளுங்கள். ரேமைவிட அதுதான் கழுத்தை அறுக்கிறது.

பாம்பன் கிழக்கு:
பார்த்தீர்களா, பேச்சை மாற்றுகிறார். கருவாட்டுக்கும் 4 ஜிபிக்கும் என்ன சம்பந்தம்? 4 ஜிபியில் ஓடுமா ஓடாதா, அதற்குப் பதில் சொல்லுங்கள்.

தங்கச்சிமடம் மெக்கானிக்:
ஓடாது.

பாம்பன் கிழக்கு:
ஓடும்.

தொண்டி டீச்சர்:
என் கேள்வி அப்படியே கிடக்கிறது. சரி, விடுங்கள், ஜெராக்ஸ் கடைக்காரருக்குப் பயன்படுகிற ஒன்றைச் சொல்கிறேன். என் தம்பி புது லேப்டாப் வாங்கினான், விண்டோஸ் 11 ஹோம். அதை முதன்முதலில் ஆன் செய்யும்போது நெட்டும் கேட்கிறது, ஒரு மைக்ரோசாஃப்ட் கணக்கும் கேட்கிறது. விற்ற கடைப் பையன் அவசரத்தில் தன் மெயிலையே போட்டு முடித்துக் கொடுத்துவிட்டான். ஆறு மாதம் கழித்து பயாஸில் என்னவோ மாற்றப் போய், நீலத் திரை வந்து 48 இலக்கச் சாவி கேட்கிறது. டிஸ்க் தானாகவே பூட்டப்பட்டிருக்கிறது என்பதே எங்களுக்கு அப்போதுதான் தெரிந்தது. அந்தச் சாவி, பையன் திறந்த மைக்ரோசாஃப்ட் கணக்கில் இருக்கிறது. பையன் வேலையை விட்டுத் திருப்பூர் போய்விட்டான், பாஸ்வேர்டும் மறந்துவிட்டதாம். குழந்தையின் முதல் பிறந்தநாள் படங்கள் அதோடு போயின. கணக்கை உங்கள் பெயரில் திறந்து, சாவியைத் தாளில் எழுதி பீரோவில் வையுங்கள்.

மண்டபம் ஜெராக்ஸ்:
ரொம்ப நன்றி டீச்சர். இதை யாருமே சொல்லவில்லை.

பாம்பன் கிழக்கு:
அந்தப் பையன் செய்த தப்பு அது. ஓஎஸ் என்ன செய்யும்?

கீழக்கரை காக்கா:
ஓஎஸ்ஸை இப்படித் தாங்குகிறீர்களே. 2015-ல் ஒரு மாநாட்டில் அந்தக் கம்பெனி ஊழியரே "விண்டோஸ் 10தான் கடைசி விண்டோஸ்" என்று சொன்னார். 2021 அக்டோபரில் 11 வந்து நின்றது. 2025 அக்டோபர் 14-ஓடு 10-க்கு ஆதரவும் முடிந்தது. இனி 12 வரும், அதுவும் பறக்கும் என்பீர்கள்.

பாம்பன் கிழக்கு:
பழசு போனால் புதுசு வரத்தான் செய்யும். எங்கள் பாலத்தைப் பாருங்கள். 1914-ல் திறந்தது. 2022 டிசம்பரில் ரயிலை நிறுத்தினார்கள், 2025 ஏப்ரலில் புதுப் பாலம் திறந்தார்கள். யாராவது பழைய பாலத்தில்தான் போவேன் என்று அழுதார்களா?

மண்டபம் ஜெராக்ஸ்:
அழவில்லை அண்ணே. ஆனால் நடுவில் இரண்டு வருஷத்துக்கு மேல் எல்லாரும் எங்கள் ஊரில் இறங்கி, பையைத் தூக்கிக்கொண்டு பஸ் ஏறினார்கள். என் மூன்று மெஷினும் இப்போது அந்த நிலையில்தான் நிற்கின்றன.

தங்கச்சிமடம் மெக்கானிக்:
உங்களுக்கு ஒரு வழி. விண்டோஸ் 10-க்குக் கூடுதல் பாதுகாப்பு அப்டேட் ஓராண்டு, 2026 அக்டோபர் 13 வரை தருகிறார்கள். கணக்கில் லாகின் செய்து செட்டிங்ஸை சிங்க் செய்யச் சம்மதித்தால் காசு கேட்பதில்லை. அந்தக் கணக்கும் உங்கள் பெயரில் இருக்கட்டும். மூன்றுக்கும் தலா ஒரு எஸ்எஸ்டி, இன்னொரு 4 ஜிபி ரேம் போடுங்கள். டீ குடிக்கப் போகிற நேரம் மிச்சம்.

பாம்பன் கிழக்கு:
பாருங்கள், கடைசியில் சாமான் விற்க வந்துவிட்டார். வெட்டிப் பேச்சு வேண்டாம், ஆதாரம் தருகிறேன். என் மெஷினில் விண்டோஸ் 11, குரோமில் ஏழு டேப், பின்னால் பாட்டு. டாஸ்க் மேனேஜர் படம் இணைத்திருக்கிறேன். இனி யாரும் வாய் திறக்கக் கூடாது.

தங்கச்சிமடம் மெக்கானிக்:
படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். நினைவகம் என்கிற இடத்தில் 5.9 ஜிபி என்று இருக்கிறது. இரண்டு ஸ்லாட்டிலும் ரேம். 4-ம் 2-ம் எத்தனை அண்ணே? அந்த 2 ஜிபி டிடிஆர்3, 2023-ல் "ஒரு வாரத்தில் தருகிறேன்" என்று என் கடையிலிருந்து எடுத்துக்கொண்டு போனதுதானே?

பாம்பன் கிழக்கு:
அது பழைய படம். வேறு மெஷின். அந்த 2 ஜிபியும் உப்புப் பிடித்துச் சரியாகக் கான்டாக்ட் ஆகாது, கணக்கில் காட்டும், வேலை செய்யாது. 4 ஜிபியில் ஓடும்.

கீழக்கரை காக்கா:
அழிரப்பர் இருக்கிறதா தம்பி?

பாம்பன் கிழக்கு:
தம்பி என்று சொல்லாதீர்கள் என்றேனே. ஞாயிற்றுக்கிழமை அந்த 2 ஜிபியைக் கழற்றிவிட்டு வீடியோ எடுத்துப் போடுகிறேன்.

தங்கச்சிமடம் மெக்கானிக்:
கழற்றினால் அப்படியே கடையில் கொடுத்துவிட்டுப் போங்கள். ஞாயிறும் திறந்திருப்பேன்.

பரமக்குடி டிடிபி:
என் பேஜ்மேக்கர் திறக்குமா திறக்காதா?