இங்கே பிறக்காதவர் தென்னாப்பிரிக்க அதிபராக முடியுமா?

மிட்ராண்ட் அப்பா:
வணக்கம். கேள்வி என்னுடையது இல்லை, மகளுடையது. கிரேடு 9 படிக்கிறாள். திருச்சியில் பிறந்து மூன்று வயதில் இங்கே வந்தவள், போன வருடம்தான் எங்கள் எல்லோருக்கும் இந்தக் குடியுரிமை கிடைத்து இந்திய பாஸ்போர்ட்டை ஒப்படைத்தோம். நேற்று ராத்திரி தோசை சாப்பிடும்போது திடீரென்று, அப்பா நான் இந்த நாட்டுக்கு அதிபராகலாமா என்று கேட்டாள். அதெல்லாம் முடியாதும்மா, இங்கேயே பிறந்திருக்க வேண்டும், 35 வயதும் ஆக வேண்டும் என்று சொல்லிவிட்டேன். எந்தச் சட்டத்தில் இருக்கிறது, காட்டுங்கள் என்கிறாள். தேடினால் நான் சொன்னது அமெரிக்க விதி போலத் தெரிகிறது. விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள், நாளைக்குள் பதில் சொல்லாவிட்டால் மானம் போய்விடும்.

மாரிட்ஸ்பர்க் வக்கீல்:
மகள் சொல்வதுதான் சரி, சார். நீங்கள் சொன்னது அமெரிக்காவுக்குத்தான், அங்கே பிறப்பால் குடிமகனாக இருக்க வேண்டும், 35 வயது, 14 வருட வசிப்பு எல்லாம் உண்டு. இங்கே அதிபருக்கென்று தனியாக வயது வரம்பே கிடையாது.

அரசியல் சாசனத்தின் 86-வது பிரிவைப் பாருங்கள். பொதுத்தேர்தல் முடிந்து தேசிய அவை (பாராளுமன்றத்தின் கீழவை) முதல்முறை கூடும்போது தன் உறுப்பினர்களில் ஒருவரை அதிபராகத் தேர்ந்தெடுக்க வேண்டும், அவ்வளவுதான். ஆக, எம்.பி. ஆகும் தகுதி எதுவோ அதுவே அதிபருக்கும் தகுதி. அது 47-வது பிரிவில் இருக்கிறது: தேசிய அவைக்கு ஓட்டுப் போடத் தகுதியுள்ள குடிமகன். 18 வயது ஆகியிருக்க வேண்டும். பிறந்த இடம், இத்தனை வருடம் இங்கேயே வசித்திருக்க வேண்டும் என்ற பேச்செல்லாம் அங்கே இல்லை.

யாருக்கு முடியாது என்பதைத்தான் அந்தப் பிரிவு நீட்டிச் சொல்கிறது. திவாலாகி இன்னும் மீளாதவர், மனநிலை சரியில்லை என்று நீதிமன்றம் அறிவித்தவர், அபராதம் கட்டித் தப்பிக்கும் வழியில்லாமல் 12 மாதத்துக்கு மேல் சிறைத்தண்டனை பெற்றவர். அரசாங்கச் சம்பளம் வாங்குபவரும் எம்.பி.யாக இருக்க முடியாது, ஆனால் வேட்பாளராக நிற்கலாம், ஜெயித்தால் வேலையை விட வேண்டும். (அரசுப் பள்ளி ஆசிரியையான என் மனைவிக்கு இதைச் சொன்னேன். கட்டுரை நோட்டு திருத்துவதை விட அது மேல் என்றாள்.)

இந்தியாவோடு குழப்பிக்கொள்ள வேண்டாம். அங்கே குடியரசுத் தலைவர் எம்.பி.யாக இருக்கக் கூடாது. இங்கே எம்.பி.யாக இருந்தால்தான் அதிபராகவே முடியும், ஆன உடனே எம்.பி. பதவி போய்விடும். வேடிக்கை என்னவென்றால், அமைச்சர்களில் இரண்டு பேரை அவைக்கு வெளியிலிருந்து எடுத்துக்கொள்ளலாம், அதிபரை எடுக்க முடியாது.

டர்பன் பையன்:
வக்கீல் அண்ணா, அப்படியானால் 2024-ல் முன்னாள் அதிபர் ஜூமா தேர்தலில் நிற்க முடியாது என்றார்களே, அது அதிபர் தகுதி பற்றியது இல்லையா? எங்கள் வீட்டில் இன்னும் சண்டை ஓயவில்லை.

மாரிட்ஸ்பர்க் வக்கீல்:
இல்லை தம்பி, எம்.பி. தகுதி பற்றியது. நீதிமன்ற அவமதிப்புக்காக 2021 ஜூனில் அவருக்கு 15 மாதம் தண்டனை. தேர்தல் ஆணையம் அவர் நிற்க முடியாது என்றது, தேர்தல் நீதிமன்றம் நிற்கலாம் என்றது, கடைசியில் 2024 மே 20-ல் அரசியல் சாசன நீதிமன்றம் முடியாது என்று முடித்து வைத்தது. அவர் தரப்பில் இரண்டு வாதம். ஒன்று, உள்ளே இருந்தது கொஞ்ச காலம்தான், மீதியைத் தள்ளுபடி செய்துவிட்டார்களே என்பது. எவ்வளவு நாள் உள்ளே இருந்தார் என்பது கணக்கில்லை, விதித்த தண்டனை எவ்வளவு என்பதுதான் கணக்கு என்றது நீதிமன்றம். இரண்டாவது கொஞ்சம் சாமர்த்தியமானது: மேல்முறையீடு முடியும் வரை தண்டனை பெற்றவராகக் கருதக் கூடாது என்று 47-வது பிரிவே சொல்கிறது, இவருக்குத் தண்டனை கொடுத்ததே உச்சத்தில் இருக்கும் நீதிமன்றம், மேல்முறையீட்டுக்கு வழியே இல்லை, ஆகவே இந்தத் தடை இவருக்குப் பொருந்தாது என்றார்கள். அதுவும் எடுபடவில்லை. தண்டனை முடிந்து ஐந்து வருடம் வரை தடை நிற்கும். ஓட்டுச்சீட்டில் மட்டும் கட்சித் தலைவர் என்ற முறையில் அவர் முகம் அப்படியே இருந்தது. அவருடைய எம்.கே. கட்சி 58 இடம் வாங்கியது.

சாட்ஸ்வொர்த் ஆச்சி:
பிள்ளைகளே, நான் கோயில் வகுப்பில் தமிழ் படித்தவள், பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். இந்தக் கேள்வியைப் படித்ததும் சிரிப்பும் வந்தது, என்னமோ போலவும் இருந்தது. எங்கள் ஆட்கள் 1860-ல் கரும்புத் தோட்டத்துக்கு வந்தவர்கள். நூறு வருடம் கழித்து, 1961-ல்தான் இந்தியர்கள் இந்த நாட்டின் நிரந்தர மக்கள் என்று அரசாங்கம் ஒத்துக்கொண்டது. அப்புறம் 1984-ல் மூன்று அவை வைத்த பாராளுமன்றம் வந்தது. அதிபரைத் தேர்ந்தெடுக்க 88 பேர், அதில் வெள்ளைக்காரர் 50, கலப்பினத்தார் 25, நமக்கு 13, கறுப்பின மக்களுக்கு ஒன்றுமே கிடையாது. அந்தப் பாராளுமன்றத்துக்கு நடந்த தேர்தலுக்கு எங்கள் தெருவில் பாதிப்பேர் போகவே இல்லை, நானும் போகவில்லை. 1994-ல் முதல்முறை ஒழுங்காக ஓட்டுப் போட்டபோது எனக்கு நாற்பது தாண்டிவிட்டது. இங்கே பிறந்த எனக்கு அத்தனை வயதில் கிடைத்தது. அந்தக் குட்டிக்குப் பதினெட்டில் கிடைக்கும். போகச் சொல்லுங்கள் அப்பா.

லெனேசியா கணக்கர்:
சட்டம் திறந்த கதவுதான், ஆனால் கதவுக்குப் பின்னால் கட்சி நிற்கிறதே. மக்கள் நேரடியாக அதிபருக்கு ஓட்டுப் போடுவதில்லை. ஓட்டு கட்சிக்குத்தான், அது கொடுக்கும் வேட்பாளர் பட்டியலில் யார் பெயர் எந்த இடத்தில் என்று கட்சிதான் தீர்மானிக்கிறது. 2008-ல் அப்போதைய அதிபர் எம்பெக்கியைக் கட்சியே பதவி விலகச் சொன்னபோது மோட்லாந்தே அதிபரானார், அவர் எம்.பி. ஆனதே அதே வருடம் மே மாதம்தான். அந்த நாற்காலி இல்லாவிட்டால் எதுவும் நடந்திருக்காது. 2024 முதல் சுயேச்சைகளும் நிற்கலாம், ஆனால் தனி ஆளாக உள்ளே போய் 400 பேர் அவையில் எத்தனை ஓட்டு வாங்குவது?

மிட்ராண்ட் அப்பா:
எல்லோருக்கும் நன்றி, ஆச்சிக்கு விசேஷமாக. மகளிடம் வாசித்துக் காட்டினேன். உடனே அடுத்த கேள்வி: இரண்டு தவணைக்கு மேல் கூடாது என்றால் அதிபர் ராமபோசா எப்படி 2018, 2019, 2024 என்று மூன்று முறை தேர்ந்தெடுக்கப்பட்டார்?

மாரிட்ஸ்பர்க் வக்கீல்:
88-வது பிரிவு. இடையில் காலியான பதவியை நிரப்ப வந்தால், அடுத்த அதிபர் தேர்வு வரைக்குமான காலம் தவணையில் சேராது. 2018 பிப்ரவரியில் ஜூமா ராஜினாமா செய்ததால் வந்தார், அது கணக்கில் இல்லை. 2024 ஜூன் 14-ல் கிடைத்தது இரண்டாவது தவணை, 283 ஓட்டு. பாராளுமன்றக் கட்டிடம் 2022-ல் எரிந்துபோனதால் அந்த ஓட்டெடுப்பு கேப்டவுன் மாநாட்டு மண்டபத்தில் நடந்தது, நடத்தி வைத்தது தலைமை நீதிபதி.

உங்கள் மகளுக்குச் சட்டம் படிக்கும் யோசனை இருந்தால் என்னிடம் பேசச் சொல்லுங்கள்.

மிட்ராண்ட் அப்பா:
கேட்டேன் சார். வக்கீல் வேண்டாமாம், நேராக அதிபர்தானாம்.