காரில் உள்ள பழைய வரைபடத்தைப் புதுப்பிக்க வழி உண்டா?

வணக்கம். அப்பாவின் காரில் உள்ள வழிகாட்டித் திரைக்குக் கிளாம்பாக்கம் பேருந்து முனையம் இருப்பதே தெரியவில்லை. அது திறந்தது 2023 டிசம்பரில்! பேருந்து நிலையம் என்று தேடினால் பிடிவாதமாகக் கோயம்பேட்டுக்கே இழுக்கிறது. வரைபடம் எஸ்டி கார்டில் இருக்கிறது. புதுப்பிக்கச் சொன்ன விலைக்கு ஒரு நல்ல கைபேசியே வாங்கிவிடலாம்.

ஓப்பன்ஸ்ட்ரீட்மேப் என்ற பொது வரைபடத் திட்டத்தில் யார் வேண்டுமானாலும் திருத்தலாம், பெரும்பாலும் சில நிமிடங்களில் இணைய வரைபடத்தில் அது தெரிந்துவிடும். அந்தத் தரவை இந்தக் கார்டில் ஏற்றியவர்கள் யாராவது இருக்கிறீர்களா? எந்தக் கோப்பு வடிவம்? கார்டு அந்தக் கருவியோடு பூட்டப்பட்டிருக்குமோ என்பதுதான் என் சந்தேகம். கைபேசியை மாட்டிக்கொள்ளச் சொல்லாதீர்கள்; அப்பா அதைத் தொடமாட்டார். அடுத்த வாரம் வண்டியை சர்வீஸுக்கு விடுகிறோம், அதற்குள் தெரிந்தால் நல்லது.