நம்ம வீட்டுக் குழு: யமுனைக் கரையில் பூங்கா

சனிக்கிழமை

மாமா, காலை 7:04
நொய்டா லிங்க் ரோடு வரைக்கும் நடந்துவிட்டு வந்தேன். டில்லியில் நம் மயூர் விஹார் பக்கத்து ஆற்றுப் படுகையில் பூங்கா வரப்போவதைப் பற்றித்தான் எல்லோரும் பேசுகிறார்கள். என்ஹெச் 24 தொடங்கி டிஎன்டி மேம்பாலம் வரைக்கும் டில்லி வளர்ச்சி ஆணையம் (டிடிஏ) திட்டம் போட்டிருக்கிறதே, அதுதான். என்னென்ன வேண்டும் என்று நாமும் எழுதிக் கொடுக்கலாம். சொல்லுங்கள்.

பெரியம்மா, 7:15
நல்ல சேதி. முதுகு சாய்க்கிற மாதிரி பெஞ்சு வேண்டும், வெறும் கல் பெஞ்சு வேண்டாம். கழிப்பறை கட்டாயம் எழுது. அது இல்லாத பூங்காவில் என்னால் அரை மணி நேரம்கூட இருக்க முடியாது.

தங்கை, 7:21
முதலில் அங்கே எப்படிப் போவது மாமா? மெட்ரோவில் இறங்கி அந்த ரோட்டைக் கடப்பதற்குள் உயிர் போய் வருகிறது. நடைமேம்பாலம் வேண்டும். வாசலில் இருந்து மெட்ரோ வரைக்கும் விளக்கும் வேண்டும். இல்லாவிட்டால் சாயங்காலம் ஆறு மணிக்கு மேல் அது ஆண்களுக்கு மட்டுமான பூங்கா ஆகிவிடும்.

பெரியம்மா, 7:22
சரியாகச் சொன்னாள்.

அப்பா, 7:48
ஒன்றை மறந்துவிட்டுப் பேசக் கூடாது. அது ஆற்றின் இடம். 2023 ஜூலை 13 அன்று பழைய இரும்புப் பாலத்தில் நீர்மட்டம் 208.66 மீட்டர். அதற்கு முன்பு 1978-இல் வந்த 207.49 மீட்டர்தான் உச்சம். அபாய அளவே 205.33தான். அந்த வெள்ளத்தில் புதிதாகப் போட்ட அசிதா, பான்சேரா இரண்டு பூங்காக்களும் முழுகின. 2025 செப்டம்பரிலும் 207 மீட்டரைத் தாண்டியது. மண் பாதையும் புல்லும் மரமும் என்றால் தண்ணீர் வடிந்ததும் தானாகத் தேறிவிடும். டைல்ஸ், நீரூற்று, உணவகம் என்று கட்டினால் ஒவ்வொரு வெள்ளத்துக்கும் அத்தனையும் பாழ். அதோடு அந்த மணல் குடிக்கிற தண்ணீர்தான் நிலத்தடி நீராகிறது. ஆற்று மணலில் ரேனி கிணறுகள் என்ற பெரிய கிணறுகள் போட்டு டில்லிக் குடிநீர் வாரியமான ஜல் போர்டு எடுப்பதும் அதைத்தான். சிமெண்டு பூசினால் அந்த வாயை அடைத்த மாதிரி.

சித்தி (சென்னை), 8:10
அத்திம்பேர் சொல்வது சரி. இங்கே அடையாறு உப்பங்கழியில் தொல்காப்பியப் பூங்கா 2011-இல் திறந்தார்கள், 58 ஏக்கர். குப்பையும் கட்டட இடிபாடும் கிடந்த இடம். கரையோரச் செடிகளை வைத்தார்கள், பறவைகள் திரும்ப வந்தன. ஆனால் நினைத்தபோது உள்ளே போக முடியாமல் ரொம்ப நாள் வெளியில் இருந்தே பார்த்தோம். நுழைவு எப்படி என்று இப்போதே கேட்டுவிடுங்கள்.

அம்மா, 8:31
எனக்கு ஒரு படித்துறை ஆசை. ஆடிப்பெருக்குக்கு ஸ்ரீரங்கம் அம்மா மண்டபத்தில் காதோலை கருகமணி விட்ட கை, இங்கே முப்பது வருஷமாக பக்கெட்டுத் தண்ணீரில் விடுகிறேன். ஆனால் இன்றைக்கு இருக்கிற யமுனையில் கால் நனைக்க மனம் வராது. பூவைப் போட்டாலே 5000 ரூபாய் அபராதம் என்று 2015-இலேயே பசுமைத் தீர்ப்பாயம் சொல்லிவிட்டது, அதுவும் நியாயம்தான். தண்ணீர் சுத்தமானால் படி வரட்டும். அதுவரைக்கும் உட்கார்ந்து பார்க்க ஒரு மேடு போதும்.

நான், 9:05
எல்லாம் சரி. நமக்குப் பாலக் கீரை கொண்டு வருகிற பாபியை (இந்தியில் அண்ணி) யாரும் நினைக்கவில்லையே. ஆற்றங்கரை சில்லா காதரில் அவர்கள் பயிர் செய்கிற குத்தகை நிலம் இந்தப் பூங்கா எல்லைக்குள்தான் வரும் என்கிறார். 2023 வெள்ளத்தில் ரோட்டோரம் தார்ப்பாய்க் கூடாரத்தில் இருந்தார்கள். அம்மாவும் நானும் சாம்பார் சாதம் கொண்டு போனோம். டிவைடர் கம்பியில் இரண்டு ஆடுகள் கட்டியிருந்தன. அவர் பெண் நனைந்த கணக்குப் புத்தகத்தைப் பக்கம் பக்கமாகப் பிரித்து, ஒவ்வொரு பக்கத்துக்கும் நடுவில் செய்தித்தாள் துண்டு வைத்துக்கொண்டிருந்தாள். தண்ணீர் வடிந்த பிறகு போய்ப் பார்த்தோம். வெண்டைச் செடிகள் வரிசை கலையாமல் சேற்றில் படுத்திருந்தன. அந்த வண்டலிலேயே விதைத்து, குளிர்காலத்தில் முழங்கை நீளத்துக்கு முள்ளங்கி கொண்டு வந்தார்.

மாமா, 9:20
வருத்தமாகத்தான் இருக்கிறது. ஆனால் யமுனை சுத்தமாகும்வரை அங்கே உண்கிற பயிர் வேண்டாம் என்றும் அதே தீர்ப்பாயம் 2015-இல் சொல்லியிருக்கிறது. ஈயம் மாதிரி உலோகங்கள் காயில் ஏறுகின்றனவாம். குழந்தைகள் சாப்பிடுகிறார்கள்.

நான், 9:26
தெரியும் மாமா, நானும் அதை நினைத்துக் கவலைப்படுகிறேன். ஆனால் தண்ணீரைக் கெடுத்தது அவர்கள் இல்லை. வஜீராபாத்திலிருந்து ஓக்லா வரை 22 கிலோமீட்டரில் நம் வீட்டுச் சாக்கடையெல்லாம்தான் நஜஃப்கட் போன்ற கால்வாய்கள் வழியாக விழுகிறது. காய் வேண்டாம் என்றால் சாமந்தி போடட்டும். நாற்றங்கால், தோட்ட வேலை எல்லாம் முதலில் அவர்களுக்குக் கிடைக்கட்டும். அந்த மண்ணை அவர்களைவிட யாருக்குத் தெரியும்?

பெரியம்மா, 9:31
இதையும் எழுது. என் பெஞ்சுக்கு மேலேயே எழுது.

மாமா, 9:33
சரி, சேர்த்துக்கொள்ளலாம்.

அப்பா, 9:40
இன்று இரவு மனுவை இந்தியிலும் ஆங்கிலத்திலும் தயார் செய்கிறேன். நாளை சொசைட்டியில் கையெழுத்து வாங்கலாம். அதற்கு முன்பு பாபியை ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள். அவரைப் பற்றி அவரைக் கேட்காமல் எழுதக் கூடாது.

தங்கை, மாலை 5:52
கேட்டேன் அப்பா. வேலையைப் பற்றி அவர் வீட்டுக்காரரும் வந்து பேசுவாராம். இன்னொன்று சொன்னார். கரையோர நாணலை அழகுக்காக வெட்டிவிட்டுப் புல்தரை போட வேண்டாம் என்று எழுதச் சொன்னார். வெள்ளத்தில் அவர்கள் வயலைச் சுற்றி நாணல் இருந்த பக்கம்தான் மண் கரையாமல் நின்றதாம்.

அப்பா, 6:03
முதல் வரியாக அதைப் போடுகிறேன். அவர்கள் எத்தனை மணிக்கு வருகிறார்கள்?

தங்கை, 6:04
எட்டு மணிக்கு.

அம்மா, 6:05
டிபன் இங்கேதான் என்று சொல்லிவிடு.