அமெரிக்க ஏர்ஃபோர்ஸில் 'ஏர் டிரான்ஸ்போர்ட்டேஷன்' வேலை: சேரும் முன் தெரிந்துகொள்ள வேண்டியவை

கேள்வி:
எல்லோருக்கும் வணக்கம். எங்களுக்குக் காட்பாடி. குடும்பத்தோடு கிரீன் கார்டில் டெக்சாஸ் வந்து சேர்ந்திருக்கிறோம். தம்பிக்கு 20 வயது, ப்ளஸ் டூ முடித்திருக்கிறான். ஏர்ஃபோர்ஸில் சேருவேன் என்று நிற்கிறான். ரிக்ரூட்டர் (ராணுவத்துக்கு ஆள் சேர்ப்பவர்) 'ஏர் டிரான்ஸ்போர்ட்டேஷன்' என்று ஒரு வேலையைச் சொன்னாராம். அப்பா நம் ராணுவத்தில் இருந்து ஓய்வு பெற்றவர். "மூட்டை தூக்கவா அமெரிக்கா வந்தோம்?" என்கிறார். விவரம் தெரிந்த அண்ணன்மார், அக்காமார் சொல்லுங்கள்.

பதில்:
வணக்கம்மா. நானும் கணியம்பாடிப் பக்கம்தான். அந்த வேலையைச் செய்தவன் என்பதால் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

நம் வேலூர்ப் பக்கம் கம்மவான்பேட்டையில் வீட்டுக்கு வீடு பட்டாளத்துக்காரர்கள். வேலூர் லாங்கு பஜார் மணிக்கூண்டில், 1914-19 போருக்கு இங்கிருந்து 277 பேர் போனார்கள், 14 பேர் உயிர் கொடுத்தார்கள் என்று கல்லிலேயே வெட்டி வைத்திருக்கிறார்கள். அப்படிப்பட்ட ஊர்க்காரரான அப்பாவுக்குப் பட்டாள வேலையைப் பற்றி நான் சொல்லத் தேவையில்லை. இந்தக் குறிப்பிட்ட வேலை என்ன என்பதை மட்டும் சொல்கிறேன், அவரிடம் படித்துக் காட்டுங்கள்.

ராணுவ விமானத்தில் ஏறும் ஆள், பெட்டி, வண்டி, வெடிமருந்து எல்லாவற்றுக்கும் தரையில் பொறுப்பு இவர்கள்தான். கூடவே பறப்பவர் லோட்மாஸ்டர், அது தனி வேலை. சரக்கைப் பேலட்டில் அடுக்குவார்கள். பேலட் என்பது 108-க்கு 88 அங்குல அலுமினியத் தட்டு, உள்ளே பால்சா மரம், சுற்றிலும் 22 வளையங்கள். அதன்மேல் 10,000 பவுண்டு வரை ஏற்றலாம். அடுக்கி, வலை போட்டு இறுக்கி, எடை பார்த்து, லோடர் என்ற தூக்கு வண்டியில் தூக்கி விமானத்துக்குள் உருட்டிவிட வேண்டும். சி-17 என்ற பெரிய ராணுவச் சரக்கு விமானம் ஒன்றில் 18 பேலட் போகும்.

தூக்கும் வேலை உண்டு, மறைக்கவில்லை. வெயிலிலும் பனியிலும் ராத்திரி ஷிப்டு இருக்கும், முதுகு சொல்லும். ஆனால் இந்த வேலையின் உயிர் கணக்கில்தான் இருக்கிறது. மாட்டு வண்டியில் முன்பாரம் பின்பாரம் பார்த்து ஏற்றுகிற மாதிரி, விமானத்திலும் பாரத்தின் மையம் எங்கே விழுகிறது என்று கணக்குப் போட்டுத்தான் எதை எங்கே வைப்பது என்று முடிவு செய்வார்கள்.

ஒரே ஒரு கணக்கு காட்டுகிறேன். 8,000 பவுண்டு வண்டி ஒன்றை ஏற்றுகிறோம். விமானம் திடீரென்று வேகம் குறைந்தால் வண்டி முன்னால் பாயப் பார்க்கும். அதனால் எடையைப் போல மூன்று மடங்கு, அதாவது 24,000 பவுண்டு தாங்கும்படி, முன்னால் நகராமல் இழுத்துக் கட்ட வேண்டும். 10,000 பவுண்டு தாங்கும் சங்கிலியைச் சாய்த்துக் கட்டும்போது முழு பலமும் கிடைக்காது. 30 டிகிரி கோணங்களில் கட்டினால் முக்கால்வாசி, 7,500 தான் கிடைக்கும். ஆக, மூன்று சங்கிலி போதாது, நாலு வேண்டும். பின்பக்கம், பக்கவாட்டு, மேல்பக்கம் என்று ஒவ்வொன்றுக்கும் தனிக் கணக்கு. 2013 ஏப்ரலில் ஆப்கானிஸ்தானின் பக்ராமில் ஒரு 747 சரக்கு விமானம் மேலே ஏறியதும் விழுந்தது. உள்ளே இருந்த ராணுவ வண்டிகளைச் சரியாகக் கட்டாததால் ஒன்று அவிழ்ந்து பின்னால் போய் விமானத்தின் கட்டுப்பாட்டையே கெடுத்துவிட்டது. 7 பேரும் போய்விட்டார்கள். அந்தச் சங்கிலியைப் பூட்டுகிறவன் கையில் எத்தனை உயிர் இருக்கிறது என்று அப்பாவுக்குச் சொல்லுங்கள்.

பயிற்சி: முதலில் சான் ஆன்டோனியோ லாக்லாண்டில் ஏழரை வாரம் அடிப்படைப் பயிற்சி. பிறகு வர்ஜீனியாவில் சில வாரம் தொழில் பள்ளி. பள்ளி சின்னதுதான், உண்மையான படிப்பு போஸ்டிங் போன இடத்தில். வேலை செய்துகொண்டே பாடம் படித்து, தேர்வு எழுதி, ஒவ்வொரு வேலையிலும் மேலாளரிடம் கையெழுத்து வாங்கி மூன்றாம் திறன் நிலையிலிருந்து ஐந்து, ஏழு என்று ஏற வேண்டும். ஆபத்தான சரக்கைக் கையாளும் பயிற்சி கிடைத்தால் விடவே கூடாது. வெளியே வந்ததும் சரக்கு விமான நிறுவனங்களில் அதற்கு மதிப்பு அதிகம்.

இனி நான் மிக முக்கியமாகச் சொல்ல நினைப்பது. கிரீன் கார்டு இருந்தால் சேரலாம். எச்1பி (வேலை), எஃப்1 (படிப்பு) விசாவில் இருப்பவர்கள் சேர முடியாது. பணியில் இருப்பவர்கள் குடியுரிமைக்கு வழக்கமான ஐந்து வருடம் காத்திருக்க வேண்டாம், விண்ணப்பக் கட்டணமும் கிடையாது. இதை எல்லா ரிக்ரூட்டரும் சொல்வார்கள். அவர்கள் சொல்லாதது ஒன்று இருக்கிறது: வெளிநாட்டு ராணுவத்தில் இருப்பவர்களுக்கும் ஓய்வு பெற்றவர்களுக்கும் இந்தியா ஓசிஐ அட்டை (வெளிநாட்டுக் குடியுரிமை வாங்கிய இந்திய வம்சாவளியினர் விசா இல்லாமல் ஊருக்கு வந்துபோக உதவுவது) கொடுப்பதில்லை. அமெரிக்கக் குடியுரிமை வாங்கினால் இந்தியக் குடியுரிமை போய்விடும். அப்புறம் ஊருக்கு வர விசாதான். பாட்டி முடியாமல் இருக்கிறார் என்று போன் வரும் நாளில் இது எவ்வளவு வலிக்கும் என்று எனக்குத் தெரியும். ஊரில் நிலம் இருந்தால் கையெழுத்துப் போடும் முன்பே வக்கீலிடம் பேசுங்கள். தம்பி இதையெல்லாம் தெரிந்துகொண்டு சேரட்டும், எனக்குச் சந்தோஷம்தான்.

ஒப்பந்தத்தில் இந்த வேலைக்கான 2டி2எக்ஸ்1 என்ற குறியீட்டு எண் எழுத்தில் இருக்கிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள். வாய்ப்பேச்சு செல்லாது. நாலு வருடம் என்று சேர்ந்தாலும் மொத்தக் கடப்பாடு எட்டு வருடம், மீதி பெரும்பாலும் ரிசர்வ் (தேவைப்பட்டால் அழைக்கப்படுபவர்கள்) பட்டியலில் கழியும்.

கேள்வி:
ரொம்ப நன்றி அண்ணா. அப்பா சங்கிலிக் கணக்கை இரண்டு தடவை படிக்கச் சொன்னார். கல்லூரியில் படித்துக்கொண்டே சேர வழி உண்டா? அவன் சைவம் வேறு.

பதில்:
உண்டும்மா. பகுதி நேரமாகச் சேரும் ஏர்ஃபோர்ஸ் ரிசர்வில், இதே வேலையைச் செய்யும் ஏரியல் போர்ட் ஸ்குவாட்ரன் என்ற பிரிவுகள் நிறைய. பயிற்சி முடிந்ததும் மாதத்தில் ஒரு வாரக்கடைசி, வருடத்தில் இரண்டு வாரம். ஆனால் அழைப்பு வந்தால் படிப்பை நிறுத்திவிட்டுப் போக வேண்டியிருக்கும், அதற்கு மனசு தயாராக இருக்கட்டும். சாப்பாட்டுக்குக் கவலை வேண்டாம், பீன்ஸ், முட்டை, சாலட், சோறு கிடைக்கும். முட்டையும் சாப்பிடமாட்டான் என்றால் முதல் ஏழரை வாரம் கஷ்டப்படுவான், இப்போதிருந்தே பீன்ஸ் பழக்குங்கள்.

ரிக்ரூட்டரைப் பார்க்கப் போகும்போது கிரீன் கார்டு, பாஸ்போர்ட், சோஷியல் செக்யூரிட்டி அட்டை, ப்ளஸ் டூ மதிப்பெண் பட்டியல் எல்லாம் அசலாக எடுத்துப் போகட்டும். பிறப்புச் சான்றிதழ் தமிழில் இருந்தால் ஆங்கில மொழிபெயர்ப்பும் வேண்டும். பாஸ்போர்ட்டில் ஒரு இனிஷியல், பள்ளிச் சான்றிதழில் வேறு பெயர் என்று இருந்தால் அதை முதலில் சரி செய்யுங்கள். நம் பிள்ளைகள் பல பேருக்குத் தாமதம் ஆவது அதில்தான்.