மறுமொழி: ‘கியோஷே’வுக்குத் தமிழில் என்ன சொல்வது?

மதிப்பிற்குரிய நண்பர்களுக்கு வணக்கம்.

மொரிஷியசின் போர்ட் லூயி மாணவர்களுக்கான கைவினைப் பாடம் வரும் வாரம் அச்சுக்குப் போகிறது. 1885 முதல் ரஷ்யப் பேரரசர் மூன்றாம் அலெக்சாந்தருக்கும், பின்னர் அவர் மகன் இரண்டாம் நிக்கலாசுக்கும் பொன்னும் மணியும் இழைத்த ஈஸ்டர் முட்டைகள் செய்தளித்த கார்ல் ஃபபெர்ஜே பற்றிய பக்கத்தில் ‘கியோஷே’ (guilloché) என்னும் பிரெஞ்சுச் சொல்லுக்கு ஈடான தமிழ்ச்சொல்லின் இடம் மட்டும் காலியாக உள்ளது. செய்முறை தெளியாமல் சொல் தேடியதாலேயே இந்த இழை இவ்வளவு நீண்டுவிட்டது.

பொன் தகட்டைக் கடைசல் பொறியில் பூட்டி, அது அசைந்தாடிச் சுழலும்போது கூருளியை அழுத்தினால், அலையலையாகவோ நடுவிலிருந்து விரியும் கதிர்களாகவோ நுண்கோடுகள் விழும். அவற்றின் மேல் வண்ணக் கண்ணாடிப் பொடியைப் படலம் படலமாக இட்டு, ஒவ்வொரு முறையும் ஏறத்தாழ 700 முதல் 800 பாகை செல்சியசில் சுட்டு உருக்குவார்கள். கண்ணாடியை ஊடுருவிய ஒளி அக்கோடுகளில் பட்டுத் திரும்புவதால்தான் 1897ஆம் ஆண்டின் முடிசூட்டு முட்டை மஞ்சள் பட்டுப் போல மின்னுகிறது. ஆகவே நமக்கு வேண்டியது மேற்பூச்சின் பெயர் அன்று, அடியிலுள்ள கோடுகளின் பெயர்.

மொக்கா ஊர் ஆசிரியர் ஐயா முன்மொழிந்த ‘கடைவரி’ அருமையான வினைத்தொகை. ஆயினும் கடைக்காரர் செலுத்தும் வரி என்றே மாணவர்கள் படிப்பார்கள். இயந்திரத்தையும் பொறித்தலையும் ஒருசேரச் சுட்டும் ‘பொறிவரி’யே எனக்கு உவப்பானது. பிரெஞ்சு அறியாதவர் இங்கு யார், ‘கியோஷே’ என்றே எழுதலாமே என்று இவ்விழையில் ஓர் அம்மையார் கேட்டது நியாயம்தான். ஆனால் பணத்தாள்களில் காணும் பின்னல் கோடுகளுக்கும் இதுவே பெயர். மொரிஷியஸ் ரூபாய்த்தாளில் தமிழ் எழுத்து எத்தனையாவதாக வர வேண்டும் என்று 1998இல் கிளர்ந்தெழுந்த நாம், அக்கோடுகளுக்குத் தமிழ்ச்சொல் வேண்டாம் என்பதற்கு எனக்கு மனம் வரவில்லை.

‘அரண்மனைப் பொற்கொல்லர்’ என்பதையும் விட்டுவிட்டேன். கோப்பெருந்தேவியின் சிலம்பைத் திருடியவன் பட்டத்தை ஃபபெர்ஜேக்குச் சூட்டுவானேன்? ‘அரசவை நகைக்கலைஞர்’ போதும்.

இவ்விழையில் பேசிய எழுவரில் நால்வர், வாதிட்டுக் களைத்தே என்றாலும், ‘பொறிவரி’க்கு இசைந்துள்ளனர்.

மறுமொழி (மொக்காவிலிருந்து):

ஐயா, என் மறுப்பைப் பதிவு செய்யவே எழுதுகிறேன். சங்கப் பாடல்களில் வண்டுக்கு அடைமொழியாக வரும் ‘பொறிவரி’ புள்ளியும் கோடும் என்று விரியும். இயந்திரம் அங்கே எப்படி நுழைந்தது? தகடு சுழல்வதைச் சொல்லாத சொல் இத்தொழிலையே சொல்லவில்லை. ‘சல்’ என்னும் ஓரசையைக் கூட்டிக் ‘கடைசல்வரி’ என்றால் கடைக்காரரும் விலகிக்கொள்வார். அச்சுக்கு இன்னும் நாள் இருக்கிறது.