நாலு கம்பியைக் கொடுத்துவிட்டு அஞ்சு கம்பி வாங்கலாமா? (மதுரை பக்கம்)

திருமங்கலத்தான்

அண்ணன்மாரே, அக்காமாரே, ஒரு யோசனை வேணும். என்னிடம் யமஹா டிஆர்பிஎக்ஸ் 174 பேஸ் கிட்டார் இருக்கிறது. நாலு கம்பி, பேட்டரி இல்லாத பாஸிவ். திண்டுக்கல்காரர் ஒருத்தர் தன்னுடைய அஞ்சு கம்பி ஆக்டிவ் (உள்ளே பேட்டரி உள்ள) பேஸைத் தருகிறேன், உன்னுடையதோடு மேல எட்டாயிரம் வை என்கிறார். ஆரப்பாளையம் பஸ் ஸ்டாண்டுக்கே கொண்டுவந்து தருகிறாராம், அங்கேயே கைமாற்றிக்கொள்ளலாமாம். போட்டோவில் பளபளவென்றுதான் இருக்கிறது.

எதற்கு அஞ்சு கம்பி என்றால், நான் வாசிப்பது திருவிழா ஆர்கெஸ்ட்ரா. பாடகர் தொண்டை கட்டிக்கொண்டு வந்து ஒரு கட்டை இறக்குங்க என்று மேடையில் சொல்லும்போது இ-யில் இருந்த பாட்டு டி-க்குப் போய்விடுகிறது, என் தாழ்ந்த கம்பியே இ-தான், எனக்குக் கீழே சுரமே இல்லை. ஆக்டேவ் மேலே போய் வாசித்தால் பாட்டு அந்தரத்தில் நிற்கிறது. இதுதான் சாக்கு என்று கீபோர்டுக்காரர் "இடது கையிலேயே பேஸையும் போட்டுடுறேன்" என்கிறார், அப்புறம் எனக்கு அங்கே என்ன வேலை?

இன்னும் ரெண்டு தொல்லை. மேடையில் ஏறினாலே ஒரு இரைச்சல், ம்ம்ம்ம் என்று. வீட்டில் அவ்வளவாக இல்லை. ஆக்டிவ் போட்டால் போய்விடும் என்கிறார்கள், உண்மையா? அப்புறம் பாதிக் கச்சேரிக்கு மேல் இடது மணிக்கட்டு வலி.

பழைய ஆம்ப்

இரைச்சலை முதலில் பார்ப்போம், ஏனென்றால் அதற்காக யாரும் பேஸை மாற்றக் கூடாது. தம்பி உன் கிட்டாரில் கம்பியின் அதிர்வைப் பிடித்து ஆம்புக்கு அனுப்புகிற பிக்கப் ரெண்டு. கழுத்துப் பக்கம் இருப்பது ரெண்டாகப் பிளந்த பிரிசிஷன் வகை, அது தன் இரைச்சலைத் தானே அடித்துக்கொள்ளும். உடம்பில் கம்பிகள் வந்து முடிகிற பாலத்துப் பக்கம் இருப்பது ஜாஸ் வகை, ஒற்றைச் சுருள். சீரியல் செட்டுக்கும் ட்யூப் லைட் சோக்குக்கும் நடுவில் நின்றால் அது இரையத்தான் செய்யும். உன்னிடம் ரெண்டுக்கும் தனித்தனி வால்யூம் இருக்கிறதே, ஜாஸ் பிக்கப்பை அடியோடு மூடிவிட்டு வாசித்துப் பார். குறைந்தால் விஷயம் முடிந்தது. திறந்த மைதானத்தில் அந்த ஒரு பிக்கப்பே போதும், எப்படியும் மைக்செட்காரர் மீதியை ட்ரெபிளில் கெடுத்துவிடுவார்.

குறையவில்லை, ஆனால் கம்பியை விரலால் தொட்டதும் குறைகிறது என்றால் வேறு கதை. மேடையில் எர்த் சரியாக இருக்கிறதா என்று பார்க்கணும். ஜெனரேட்டரிலிருந்து ஒயரை இழுத்து, மூணு பின் பிளக்கில் எர்த் பின்னை உடைத்துவிட்டு ரெண்டு பின் போர்டில் சொருகுகிற ஆட்கள் நம்ம பக்கம் நிறைய. இது வெறும் இரைச்சலோடு போகாது. கை கம்பியில் இருக்கும், கோரஸ் பாட வாயை மைக்கில் வைப்பாய், உதட்டில் சுரீர் என்று அடிக்கும். ஒரு டெஸ்டர் பையில் இருக்கட்டும், மைக்கின் வலையில் வைத்துப் பார்த்துவிட்டு அப்புறம் பாடு. எரிந்தால் அந்த லைன் மாறுகிற வரைக்கும் மைக் பக்கமே போகாதே. ஆக்டிவ் பேஸ் இதற்கு மருந்தே இல்லை. உள்ளே இருக்கும் 9 வோல்ட் பேட்டரி கரண்டுக்காரரிடம் பேசாது.

மேலூர் நாலுகம்பி

பஸ் ஸ்டாண்டில் வைத்து பேஸ் வாங்காதே. சொல்லிவிட்டேன். அங்கே பிளக் பாயின்ட் கிடையாது, ஆம்ப் கிடையாது, தேனி பஸ் ஹாரனில் கம்பி கரகரப்பது காதில் விழாது. வீட்டுக்கு வருகிறேன் என்று சொல். வேண்டாம் என்றால் அதிலேயே பதில் இருக்கிறது.

போனதும் பளபளப்பைப் பார்க்காதே, உடம்புப் பக்கத்திலிருந்து நெக்கின் நீளத்துக்கு ஒற்றைக் கண்ணால் பார். ரெண்டு ஓரமும் ஒரே மாதிரி ஓடணும். ஒரு ஓரம் மட்டும் எழும்பி நின்றால் முறுக்கு விழுந்த நெக், உள்ளே வளைவைச் சரிசெய்ய வைத்திருக்கும் ட்ரஸ் ராட் என்ற இரும்புக் கம்பி அதைச் சரி செய்யாது. சும்மா வளைவுதான் என்றால் பயமில்லை. நெக்கில் குறுக்கே பதித்திருக்கும் ஃப்ரெட்டுகளில் முதலாவதிலும் கடைசியிலும் ஒரே கம்பியை அழுத்திப் பிடித்துக்கொண்டு ஏழு, எட்டாம் ஃப்ரெட் பக்கம் பார்த்தால் ஒரு விசிட்டிங் கார்டு நுழையும் அளவுக்கு இடைவெளி இருக்கணும். நிறைய இருந்தால் ட்ரஸ் ராடை இறுக்கலாம், ஆனால் கால் சுற்று இறுக்கிக் காட்டச் சொல். ராடின் திருகு நட் ஏற்கெனவே முட்டி நிற்கிறதென்றால் இனி இறுக்க இடமில்லை, அதை விட்டுவிட்டு வா.

பன்னிரண்டாம் ஃப்ரெட்டில் ஹார்மானிக்கையும் (கம்பியை அழுத்தாமல் லேசாகத் தொட்டு எழுப்புவது) அழுத்திய சுரத்தையும் ட்யூனரில் ஒத்துப் பார். ரெண்டும் சேரவில்லை என்றால் பாலத்தில் கம்பி உட்காரும் சேடிலை நகர்த்த இடம் மிச்சம் இருக்கிறதா என்று பார்க்கணும். பேட்டரி மூடியைத் திற, பச்சை பூத்திருந்தால் விலையைக் குறை. வாங்கிவிட்டால் ஒயரை ஜாக்கிலேயே விட்டுவிட்டுத் தூங்கப் போகாதே, ஆக்டிவ் பேஸில் ஒயர் சொருகி இருந்தாலே பேட்டரி ஓடிக்கொண்டிருக்கும்.

இன்னொன்று. இதைச் சொன்னால் அஞ்சு கம்பிக்காரர்கள் அடிக்க வருவார்கள். அஞ்சாவதாக வருகிற தாழ்ந்த பி கம்பி 31 ஹெர்ட்ஸ் பக்கம். ஊர்த் திருவிழாவில் கம்பத்தில் கட்டுகிற குழாய் ஸ்பீக்கருக்கு அதெல்லாம் தெரியவே தெரியாது, நம்ம இ கம்பியின் 41-ஐயே அது சொல்லாது. ஜனங்கள் கேட்பது அதோடு கூடவே ஒலிக்கிற உயர்ந்த ஹார்மானிக்குகளைத்தான். நீ எட்டாயிரம் கொடுத்து வாங்குகிற சுரத்தை மேடையில் உன்னைத் தவிர யாரும் கேட்கப்போவதில்லை.

கீழ்க்கட்டை

அடிக்கத்தான் வந்தேன். நான் சர்ச்சில் அஞ்சு கம்பிதான் வாசிக்கிறேன், அண்ணன் சொன்னதில் பாதிதான் சரி. அஞ்சாவது கம்பியின் லாபம் கீழே போவதில் மட்டும் இல்லை தம்பி, கை நிற்கிற இடத்தில் இருக்கிறது. 34 அங்குல ஸ்கேலில் (கம்பி அதிர்கிற நீளம்) முதல் ஃப்ரெட்டின் அகலம் கிட்டத்தட்ட 48 மில்லிமீட்டர், அஞ்சாவதில் 38-தான். பி கம்பியின் அஞ்சாம் ஃப்ரெட்டில் அதே இ கிடைக்கும்போது நான் எதற்கு முதல் ஃப்ரெட்டில் கையைப் பிளந்துகொண்டு நிற்கணும்?

ஆனால் உன் மணிக்கட்டு வலிக்கு அஞ்சு கம்பி வாங்கு என்று சொல்ல மாட்டேன், அதன் நெக் இன்னும் அகலம், கற்றுக்கொள்ளாமல் போனால் கூடுதலாக வலிக்கும். கீழ் ஃப்ரெட்டுகளில் ஒரு ஃப்ரெட்டுக்கு ஒரு விரல் என்று விரிக்காதே. டபுள் பேஸ்காரர்கள் காலம் காலமாகச் செய்வதுபோல் ஆள்காட்டி, நடு, சுண்டு என்று மூணு ஃப்ரெட்டுக்குள் வாசி, மோதிர விரல் சுண்டுவிரலோடு சேர்ந்து அழுத்தட்டும், நாலாவது ஃப்ரெட் வேணுமென்றால் கையையே நகர்த்து. ஸ்ட்ராப்பை ஏற்று. உட்கார்ந்து வாசிக்கும்போது பேஸ் எங்கே இருக்கிறதோ நிற்கும்போதும் அங்கேயே இருக்கணும், இடுப்புக்குக் கீழே தொங்கவிட்டால் மணிக்கட்டு மடங்கத்தான் செய்யும். அழகாகத்தான் இருக்கும், சரி, வலியும் இருக்கும். வலது கையில் ஓங்கி அடிக்காதே, ஆம்பைக் கூட்டிவிட்டு மெதுவாக வாசி. ஓங்கி அடிப்பவர்கள் இடது கையிலும் தெரியாமலே நெரிக்கிறார்கள்.

வாங்கினால் இன்னொரு பாடு உண்டு. நீ ஏ கம்பியில் வாசிக்கும்போது பி கம்பி தானாக முனகும். கட்டைவிரலை பிக்கப் மேலேயே ஊன்றி வைத்தால் ஆகாது, கீழ்க் கம்பிகள் மேல் படுத்தபடி கூடவே நகரணும். அது பழகுகிற வரைக்கும் மைக்செட்காரர் உன்னைத்தான் திட்டுவார்.

மேலூர் நாலுகம்பி

அக்கா சொன்ன கை இடம் சரிதான், ஒத்துக்கொள்கிறேன். ஆனாலும் அமெரிக்காவின் மோடவுன் ஸ்டூடியோவில் பேஸ்காரர் ஜேம்ஸ் ஜேமர்சன் 1962 பிரிசிஷன் பேஸ் ஒன்றில், நாலு கம்பியில், வலது கையின் ஒரே ஒரு விரலை வைத்துக்கொண்டு வாசித்ததைக் கேட்டுவிட்டுப் பேசுங்கள்.

திருமங்கலத்தான்

எல்லாருக்கும் நன்றி. நேற்று ஜாஸ் பிக்கப்பை மூடிப் பார்த்தேன், இரைச்சல் முக்கால்வாசி போச்சு. அப்புறம் திண்டுக்கல்லுக்கே போய்ப் பார்த்தேன். பேட்டரி மூடிக்குள் பச்சை, அதையாவது பேசிக் குறைக்கலாம். நெக்கை ஒற்றைக் கண்ணால் பார்த்தால் பி கம்பி ஓரம் நேராக வந்து ஒன்பதாம் ஃப்ரெட்டுக்கு மேல் தனியாக எழும்பி நிற்கிறது, ஜி ஓரம் அப்படி இல்லை. ட்யூனரை எடுத்ததும் அவர் முகமே மாறிப்போச்சு. டீ குடித்துவிட்டு வந்துவிட்டேன்.

இப்போது இன்னொரு யோசனை. அஞ்சு கம்பி செட்டில் உச்சக் கம்பியான ஜி-யை விட்டுவிட்டு பி, இ, ஏ, டி என்று என் யமஹாவிலேயே மாட்டினால் என்ன?

பழைய ஆம்ப்

மாட்டலாம். 130 தடிமன் உள்ள பி கம்பி நுழைய, நெக்கின் உச்சியில் கம்பிகள் உட்காரும் நட்டில் பள்ளத்தை அரம் போட்டு அகலப்படுத்தணும், அப்புறம் பழைய 105 இ கம்பியைத் திரும்ப மாட்டினால் அதில் ஆடும், நட்டையே மாற்ற வேண்டிவரும். பெரிய குறை வேறு. நீ வாசிப்பதில் பாதி இளையராஜா. பண்ணைப்புரத்துக்காரர் பேஸை அடியில் குந்த வைத்ததே இல்லை, அது மேலே ஏறி வயலினோடு பேசும். ஜி கம்பியைக் கழற்றிவிட்டு அதை எங்கே போய் வாசிப்பாய்?

உனக்கு வேண்டியது டி-தான், பி இல்லை. இ கம்பியை மட்டும் டி-க்கு இறக்கு. அந்தக் கம்பியில் எல்லாச் சுரமும் ரெண்டு ஃப்ரெட் மேலே தள்ளிப்போகும், அதை மட்டும் பழகிக்கொள். தொளதொளவென்று இருந்தால் 105-க்குப் பதில் 110 போட்டுப் பார், நட்டில் பெரும்பாலும் உட்கார்ந்துவிடும்.

கீழ்க்கட்டை

மேடையில் பாட்டுக்குப் பாட்டு சுருதி சேர்க்கும் பிரடையைத் திருகிக்கொண்டிருக்க முடியாது. ஹிப்ஷாட் எக்ஸ்டெண்டர் என்று ஒன்று, இ கம்பியின் பிரடை இருக்கிற இடத்தில் மாட்டுவது. லீவரைத் தட்டினால் டி, திருப்பித் தட்டினால் இ. நான் அஞ்சு கம்பிக்கு மாறின பிறகு என்னுடையது சும்மா கிடக்கிறது. ஆனால் உன் ஹெட்ஸ்டாக்கில் (பிரடைகள் இருக்கும் தலைப்பகுதி) உள்ள துளைக்குச் சேருமா என்று பார்க்கணும், விட்டத்தை அளந்து பின்பக்கப் போட்டோவோடு போடு. காசு வேண்டாம், உன்னிடம் ஸ்ட்ராப் கழலாமல் பூட்டுகிற ஸ்ட்ராப் லாக் உபரி ஜோடி இருந்தால் அதைக் கொடு. ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து பதினொரு மணிக்கு மேல் கோரிப்பாளையம் பக்கம்தான் இருப்பேன்.

திருமங்கலத்தான்

ஸ்ட்ராப் லாக் இருக்கு அக்கா, கறுப்பு, ஒரு திருகு மட்டும் மாற்றினது. சாயங்காலம் அளந்து போடுகிறேன்.