கடமான் வேட்டைக்கு எந்த ஸ்கோப்?

ஆஸ்திரேலியாவின் விக்டோரியா மலைக்காடுகளில் உரிமத்துடன் கடமான் வேட்டைக்குப் போகும் நண்பர்களே, ஓர் உதவி.

என் ரைஃபிளுக்கு 2-7 மடங்கு உருப்பெருக்கமும் 33 மி.மீ. முன்லென்ஸும் கொண்ட ஸ்கோப் (குறிபார்க்கும் தொலைநோக்கி) வாங்குவதா, 3-9 மடங்கு, 40 மி.மீ. வாங்குவதா? புதர் மண்டிய சரிவில் மான் மிக அருகிலிருந்தே எழுந்து பாய்கிறது. அங்கே அகன்ற பார்வைப் பரப்புதான் முக்கியம் என்று நினைக்கிறேன். மேலும், 40 மி.மீ. லென்ஸை 9 மடங்கில் வைத்தால் கண்ணுக்கு எட்டும் ஒளிவட்டம் சுமார் 4.4 மி.மீ.; 5 மடங்கில் 8 மி.மீ. அந்தி மங்கலில் இந்த வேறுபாடு உண்மையிலேயே தெரிகிறதா? பயன்படுத்தியவர்கள் சொல்லுங்கள்.

இன்னொன்று: வேட்டை எழுத்தாளர்களான ஜிம் கார்பெட்டையும் கென்னத் ஆண்டர்சனையும் திரும்பத் திரும்பப் படித்துவிட்டேன். கடமானின் எச்சரிக்கைக் குரலை வைத்தே புலியின் நடமாட்டத்தை ஆண்டர்சன் கணிக்கும் இடங்கள் எனக்கு உயிர். காட்டை அப்படிக் காது கொடுத்துக் கேட்ட வேறு பழைய எழுத்தாளர்கள் யார்?